கரண்டி டீச்சரின் வரிசை

தென்காசியில் சிவப்பு விளக்குக்கு நிற்காதவர்கள் உண்டு. கரண்டி டீச்சரின் கரண்டிச் சத்தத்துக்கு நிற்காதவர் ஒருவர்கூடக் கிடையாது.

எங்கள் தெரு பால்வாடியின் டீச்சர் அவர். சத்துமாவு உருண்டை தரும் நேரம் வந்தால் இரும்புக் கரண்டியால் ஜன்னல் கம்பியில் மூன்று தட்டு. உடனே முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வர வேண்டும். முறை வந்ததும், கழுவிய கைகளை நீட்டிப் புரட்டிக் காட்ட வேண்டும். நகம் சுத்தமென்றால் பெரிய உருண்டை. அழுக்கென்றால், "ஏலே, நகத்துக்குள்ள வயக்காடா வச்சிருக்க? குழாயடிக்குப் போ!"

இந்தப் பழக்கம் லேசில் போகாது. ஒரு கல்யாணத்தின் காலைப் பந்தியில் டீச்சர் கரண்டியை உதறச் சாம்பார் வாளியில் தட்டினார். மேடையில் தாலியை வாங்கப் போன மாப்பிள்ளை, இரண்டு கைகளையும் ஐயரிடம் புரட்டிக் காட்டினான்.

டீச்சர் ஓய்வு பெறவிருந்த வருடம் ஓர் அதிகாரி வந்தார். பிள்ளைகள் குறைவாக இருப்பதால் எங்கள் பால்வாடியை மூடி, பெரிய ரோட்டுக்கு அந்தப்புறம் உள்ளதோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்க வந்தவர். லாரி ஓடும் ரோட்டைத் தாண்டி மூன்று வயதுப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? தெருக்காரர்கள் சார்பில் நானும் நின்றிருந்தேன். டீச்சர் முகம் வாடியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இங்க படிச்ச பிள்ளைங்களுக்கு நீண்ட காலப் பயன் என்னம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. குத்தாலத்துக்கு வாங்க சார், காட்டுதேன்."

சீசன் ஞாயிறுகளில் எங்கள் தெரு ஆண்கள் மொத்தப் பேரும் மெயின் அருவியில்தான் இருப்போம். அன்று நல்ல தண்ணீர். உடம்பெல்லாம் எண்ணெயோடு ஆளாளுக்கு இடித்துக்கொண்டிருந்தோம். அருவி இரைச்சலை மீறிக் கேட்டது, தடுப்புக் கம்பியில் டங், டங், டங்.

என் கை தானாக நீண்டது. சட்டை யாரிடமும் இல்லை. கிடைத்தது முன்னால் நின்ற போலீஸ் ஏட்டின் இடுப்புத் துண்டு.

"ஏலே, மெல்லப் பிடிலே! அவுந்துச்சுன்னா என் உத்தியோகம் போயிரும்!"

கத்தினானே தவிர, தனக்கு முன்னால் நின்ற பேங்க் மேனேஜரின் துண்டை அவன் விடவில்லை. மதுரையிலிருந்து வேனில் வந்தவர்கள், ஏதோ புது விதி போலிருக்கிறது என்று எங்கள் பின்னால் துண்டைப் பிடித்தார்கள்.

"இந்தா நிக்கானே ஏட்டு, மூணு வயசுல பக்கத்துப் பிள்ளையக் கடிச்சு வைப்பான் சார். இப்பப் பாருங்க, அருவிக்கடியிலயும் தள்ளாம நிக்கான்" என்றார் டீச்சர்.

அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் கைகளை நீட்டினார். டீச்சர் புரட்டிப் பார்த்தார்.

"நகம் வெட்டணும் சார்."

பால்வாடியை மூடவில்லை. அதே ஜன்னலில் இப்போது வேறொரு டீச்சர் தட்டுகிறார்.

போன வாரம் கரண்டி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி சத்துமாவு உருண்டை பிடித்திருந்தாள். விளையாட்டாகக் கரண்டியை எடுத்து மேஜையில் மூன்று தட்டுத் தட்டினேன். டீச்சர் எழுந்துபோய்க் கை கழுவி வந்து, இரண்டு கைகளையும் நீட்டிப் புரட்டிக் காட்டினார்.

நகம் சுத்தம். பெரிய உருண்டையாகப் பார்த்து வைத்தேன்.