கல்லு சார் வாய் திறக்காத நாள்

தோசைக்கல்லுக்காகச் சொந்த அத்தானையே வீட்டை விட்டு அனுப்பியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. திருவனந்தபுரம் கோட்டைப் பக்கம் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டுக்காரர், கல்லு சார். அவருடைய உண்மையான பெயரைத் தபால்காரரே மறந்துவிட்டார்.

அத்தான் செய்த குற்றம், சாரின் வார்ப்பிரும்புக் கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தது. சற்று நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. "தம்பானூர் ஸ்டேஷன்லேந்து வண்டி நெறைய உண்டு அத்தான், கேட்டேளா" என்று பெட்டியை அவரே தூக்கி வைத்தார்.

எனக்குக் கல் வாங்கித் தர ஒருநாள் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு கல்லையும் விரல் கணுவால் தட்டிக் காதருகே பிடித்தார். கணீரென்று ஒலித்தால் நல்லது, சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல். தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார், குழி உண்டா என்று நகத்தால் தடவினார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சாரே, கல்லு வாங்க வந்ததா, மாப்பிள்ளை பாக்க வந்ததா?"

"ரெண்டும் ஒரே ஜோலியாக்கும்" என்றபடி அடுத்ததைத் தட்டினார்.

அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கி அந்தக் கல்லைப் பழக்கினேன். துரு ஏறுகிறதா என்று தினமும் மாடியேறி வந்து சோதனை போட்டார். என் சொந்தச் சமையலறையில் திருடன்போல நடமாடினேன்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மகள் மீனாவும் அந்தப் பையனும் ஒரே ஆபீஸ். இருவரும் முடிவு செய்தாயிற்று, பையனின் அம்மாவுக்கு மட்டும் அரை மனசு. அந்த அம்மாள் சரி சொல்வாரா மாட்டாரா என்பதுதான் அன்றைய கேள்வி.

"அப்பா, இன்னிக்குக் கல்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது" என்று மீனா சத்தியம் வாங்கியிருந்தாள். சார் வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளும் பொறுப்பு எனக்கு.

தோசை சாப்பிட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தட்டோடு சமையலறைக்குள் போனார். பின்னாலேயே மீனா ஓடினாள்.

"கல்லு என்னடி இப்படிக் கன்னங்கரேல்னு இருக்கு? நான் தேச்சுத் தரேன்."

"வேண்டாம் மாமி, இருக்கட்டும்!"

"அதனால என்ன? நம்மாத்து வேலைதானே."

சார் பாதி எழுந்துவிட்டார். கிள்ளினேன். கல் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி எழும்பியது. அதற்குள்ளே சின்னதாக ஒரு 'டிக்'.

எங்களில் யாருக்கும் அது புரியவில்லை. சாருக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் சதையில் பதிந்தது. உள்ளே இரும்பு நார் 'கரக் கரக்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் வெளுத்துப்போன கல்லைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். "பாருங்கோ, புதுசாட்டமா ஆயிடுத்து!"

சமையலறை வாசலில் மீனா ரத்தமில்லாத முகத்தோடு நின்றாள். சார் வாயைத் திறந்தார். கிள்ள எனக்குக் கை வரவில்லை.

"மாமி..." என்றார். "இன்னும் கொஞ்சம் காப்பி சாப்பிடறேளா?"

சாயங்காலத்துக்குள் முகூர்த்தமே பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனபிறகு சார் கல்லைத் தட்டிக் காதில் வைத்தார். செத்த சத்தம். மீனா அழுதாள். "சொல்லியிருக்கலாமேப்பா!"

"'நம்மாத்து வேலை'ன்னாளே, கேட்டியோ? அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

அந்தக் கல்லை அவர் எறியவில்லை. சமையலறை ஆணியில் தொங்குகிறது. சம்பந்தியம்மாள் வரும் நாட்களில் மட்டும் எங்கேயோ ஒளித்து வைத்துவிடுவார். மற்றவர்கள் கேட்டால், "மீனா கல்யாணத்துக்கு நான் செஞ்ச சீராக்கும்" என்பார்.

இப்போது ஞாயிறுதோறும் தோசைக்கு மாடிக்கு வருகிறார். முதலில் என் கல்லைத் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று கேட்டதும் அவர் முகம் மலர்வதைப் பார்க்கத்தான், வேறு வீடு கிடைத்தும் நான் இன்னும் இங்கேயே இருக்கிறேன்.