எரிமலைக் கரை போட்ட கல்யாணப் புடவை

படித்தவனுக்குப் பெண் கொடுக்கலாம், தப்பில்லை. கல்யாணப் புடவையை மட்டும் அவன் பொறுப்பில் விடக்கூடாது.

வெள்ளைக்கார ராணி ஆண்ட காலம். நான் ஆரணி மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். (பூகோளம் என்பது அங்கிருந்த ஒரே ஒரு இங்கிலீஷ் புத்தகம்.) அதில் ஒரு படம்: உலகத்தின் தென்கோடியில் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பனி, அதைப் பிளந்துகொண்டு கன்னங்கரேலென்று எரிமலைப் பாறைகள். அந்தப் படத்தின் மேல் இருந்த பைத்தியம் எனக்கு எஸ்தர் மேல்கூட இருந்ததா, தெரியவில்லை. எஸ்தர் எனக்கு நிச்சயித்திருந்த பெண். சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது.

எங்கள் கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் வெள்ளைப் பட்டு எடுக்க வேண்டும். ஆரணியில் பிறந்துவிட்டுக் கடையில் வாங்குவதா? படத்தைப் பார்த்து வரைந்து, பக்கத்து ஊர் முள்ளிப்பட்டு நெசவாளி முனுசாமியிடம் கொடுத்தேன். வெள்ளை உடல், கரை நெடுகக் கறுப்பு மலைகள்.

"வாத்தியாரே, ஓரத்துலயாச்சும் கொஞ்சம் சேப்பு போட்டுடட்டுங்களா?"

"பனியில ஏதுய்யா சேப்பு?" என்றேன். (மேதாவி!)

கல்யாணக் காலையில் பெண் வீட்டில் புடவைத் தட்டைத் திறந்தார்கள். எஸ்தரின் அம்மா "ஐயோ!" என்று அலறி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தேவாலயத்தில் சவப்பெட்டிமேல் விரிக்கும் துணியும் வெள்ளைதான், அதற்கும் கறுப்புக் கரைதான். எஸ்தரின் அப்பாவை அதைப் போர்த்தி எடுத்துப்போய் வருஷம் திரும்பவில்லை. ஊரில் என் ஒருவன் மண்டையில்தான் இது உறைக்கவில்லை.

ஆள் வந்து கூப்பிட, ஓடினேன். அந்த அம்மாள் காலில் விழுந்திருக்கலாம். நான் பாடம் நடத்தினேன். பனி, பாறை, உள்ளே கனலும் நெருப்பு, எல்லாம்.

எஸ்தர் கடைசிவரை கேட்டாள். "அங்க மனுசங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு ஈ காக்கா கிடையாது," என்றேன், பெருமையாக.

"அப்ப நீங்களே போய் இருங்க."

அவ்வளவுதான். நின்றுபோன கல்யாணத்தின் சோற்றை ஊரே தின்றது. கொஞ்ச காலம் கழித்துச் சபையில் மறுபடி ஓலை வாசித்தார்கள். பெண் எஸ்தரேதான், மாப்பிள்ளை என் தம்பி. புடவை, கடையில் வாங்கியது.

நான் நெய்யக் கொடுத்ததை, பட்டு வீணாகக்கூடாது என்று சபையார் சவப்பெட்டிக்கே வைத்துக்கொண்டார்கள். இன்றும் நான் ஒரு தும்மல் போட்டால் போதும், தம்பி ஆரம்பித்துவிடுவான்: "கவலப்படாதண்ணா, உன் பொடவ தயாரா கீது." அவன் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

எஸ்தர் மட்டும் சிரிப்பதில்லை. மிளகுக் கஷாயத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.