ஓர்விக் அருவிக்கு ஐந்து கையெழுத்து

பத்து மணிப் படகு வந்துவிட்டது. அருவி இன்னும் வரவில்லை.

குன்வோர் படகுத்துறையில் நின்றபடி மலையை அண்ணாந்து பார்த்தாள். எழுநூறு அடி உயரத்திலிருந்து வெள்ளையாய் இறங்க வேண்டிய இடத்தில் கறுத்த பாறை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மலைமேல் இருக்கும் தண்ணீரெல்லாம் மின்சார நிலையத்தின் அணைக்குள். கோடையில் பார்க்க வருகிறவர்களுக்காகத் தினம் சில மணி நேரம் திறந்துவிடுவார்கள். இன்றைக்கு ஒன்பதரைக்கே திறக்கச் சொல்லியிருந்தாள்.

படகிலிருந்து ஒரே ஒரு அம்மாள் இறங்கினார். முதுகில் சிவப்புப் பை, கையில் சின்ன நோட்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். குன்வோருக்கு அது போதுமாயிருந்தது. இவர்தான் ஆபீசர்.

மூன்று வாரத்துக்கு முன்பு மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஓர்விக் ஊருக்குப் படகு தொடர்ந்து ஓட வேண்டுமா என்று முடிவு செய்ய, வியாழக்கிழமை ஒரு அலுவலர் நேரில் வருவாராம். வந்து என்ன செய்வார் என்று அதில் இல்லை. வெளியூர்க்காரர் வந்தால் அருவியையும் எண்ணூறு வருஷத்து மரத் தேவாலயத்தையும் சுற்றிப் பார்ப்பார், வேறென்ன செய்வார் என்று ஊர்க் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. கமிட்டித் தலைவி குன்வோர்.

படகு நின்றால் குளிர்காலத்தில் ஊர் அம்போதான். மலைப்பாதையைப் பனி மூடிவிடும். எல்லார் வீட்டிலும் சொந்தமாகச் சின்ன மோட்டார் படகு உண்டு, ஆனால் ஜனவரிக் காற்றில் அதை இறக்குகிறவனுக்குப் புத்தி இல்லை என்று அர்த்தம். போன ஜனவரியில் குன்வோருக்குக் குடல்வால் வெடிக்கப் பார்த்தபோது அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தப் படகுதான். மற்றவர்களுக்கு இது ஊர் விஷயம். அவளுக்கு உயிர் விஷயம்.

அதனால் ஊரே கூடி இரண்டு நாள் துறையைக் கழுவி, படகுக் கொட்டகைகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தது. பெயிண்ட் மிச்சமிருந்தது. மிச்சம் வைக்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. பதினேழு மோட்டார் படகுகளையும் கரையில் கவிழ்த்துப்போட்டு அவற்றுக்கும் அடித்துவிட்டார்கள். இப்போது அவை வரிசையாக, பளபளவென்று, தொட்டால் ஒட்டும் நிலையில் கிடந்தன.

குன்வோர் மின்சார நிலையத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசியவர் பொறுமையாக விளக்கினார். இந்த வருஷம் மழை இல்லை. குறித்த நேரத்துக்கு முன்னால் திறக்க வேண்டுமானால் கமிட்டியில் ஐந்து பேர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"அஞ்சு பேருமா? நான் தலைவி, போன்லயே சொல்றேனே."

"நீங்க தலைவின்னு எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாதே."

மின்சார நிலையம் அக்கரையில். சொந்தப் படகெல்லாம் ஈரம். தலைவியை விருந்தாளியோடு விட்டுவிட்டு, கமிட்டியின் மற்ற ஐந்து பேரும் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த படகில் ஏறினார்கள்.

அதுவரை தேவாலயத்தைக் காட்டலாம் என்று குன்வோர் அந்த அம்மாளை அழைத்துப் போனாள். கதவு பூட்டியிருந்தது. சாவி தோர்லெய்விடம் இருந்தது. தோர்லெய்வ் காலை எட்டு மணிப் படகில் அக்கரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போன் செய்ததும் பாவம், பதறியடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கினார். பாக்கெட்டில் கையை விட்டவர் முகம் வெளுத்தது. சாவி மகள் வீட்டில் கழற்றிப்போட்ட இன்னொரு கால்சட்டையில் இருந்தது. அதே படகில் திரும்ப ஏறினார்.

நீங்கள் யார், எதற்காக வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் முன்பின் தெரியாதவரிடம் அப்படிக் கேட்பது அவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். அந்த அம்மாளும் அதே மண்ணில் பிறந்தவர்தான் போலும். வாயைத் திறக்கவில்லை. காட்டிய இடத்தில் உட்கார்ந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார். ஆறாவது வாஃபிளில் பழுப்புச் சீஸை வைத்தபோது மட்டும் படகுத்துறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

சலிப்புத் தட்டுகிறது என்று குன்வோர் புரிந்துகொண்டாள். அக்கரைப் பெண்கள் பாட்டுக் குழுவைக் கூப்பிட்டால் என்ன? ஒரே போன். ஜூலை வெயிலில் கம்பளிப் பாவாடையும் வெள்ளிப் பொத்தான்களுமாகப் பண்டிகை உடையில் பதினாறு பெண்கள் இரண்டு மணிப் படகில் வந்து இறங்கி, மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் பாட ஆரம்பித்தார்கள்.

ஒரு விஷயத்தை அவள் மறந்திருந்தாள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பால்பண்ணையின், மண் பரப்பிப் புல் வளர்த்த கூரைமேல் காலையில்தான் மூன்று ஆடுகளை ஏற்றி விட்டிருந்தாள். முதல் பாட்டின் உச்ச ஸ்வரத்திலேயே மூன்றும் கூரையிலிருந்து குதித்து, ஓடி, துறையில் நின்ற படகுக்குள் நேராக ஏறின. படகும் கிளம்பிவிட்டது. ஊர் மானம் அன்றைக்கு நிஜமாகவே கப்பலேறியது.

கடைசி நொடியில் தாவி ஏறிய அவள் கணவன் அஸ்பியோர்ன், நாலு மணிக்கு ஆடுகளோடு திரும்பி வந்தான். அவனோடு கமிட்டியும் வந்தது, சாவியோடு தோர்லெய்வும் வந்தார்.

"படகுல உட்காரலாம்னா நல்ல ஜன்னலோரத்தை எவனோ பிடிச்சு வச்சிருக்கான். சாம்பல் கலர் ஸ்வெட்டரு. காலையில தோர்லெய்வ் போனப்பவும் அதே ஜன்னல்தானாம். கையில பேனாவோ என்னவோ, யாராச்சும் ஏறினா டிக்கு டிக்குனு அழுத்திட்டே இருக்கான். எனக்குத் தலைவலியே வந்திருச்சு" என்றான் அஸ்பியோர்ன்.

"உன் தலைவலியை அப்புறம் பேசலாம். கையெழுத்து என்னாச்சு?"

"அதெல்லாம் ஆச்சு. இப்பத் திறந்திருப்பாங்க."

திறந்திருந்தார்கள். முன்கூட்டித் திறக்கத்தான் அனுமதி கேட்டிருந்தார்கள், ஆனால் பேப்பர் மேசை மேசையாக ஏறி இறங்கியதில் வழக்கமான நேரமும் தாண்டிப்போயிருந்தது. விட்டுப்போன தண்ணீரையும் ஈடுகட்டும் நல்லெண்ணத்தில் மதகை அகலத் திறந்துவிட்டார்கள். பாட்டுக் குழு அருவிப் பாறையின் அடியில், அந்த அம்மாளை நடுவில் நிறுத்திப் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

மலை உறுமியது. அடுத்த நிமிஷம் பதினேழு பேரும் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார்கள். கம்பளிப் பாவாடைகள் தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தன. போட்டோ எடுத்தவன் மட்டும் காய்ந்திருந்தான்.

குன்வோர் அந்த அம்மாளுக்குத் தன் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, ஆறு மணிப் படகுக்கு அழைத்துப் போனாள். அவர் உடம்பு நடுங்கியது. குன்வோருக்கு மனசே நடுங்கியது. இனி என்ன மரியாதை, என்ன கூச்சம் என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லிக்கிறேங்க. எழுதும்போது எங்க அருவியை மட்டும் வச்சு எழுதிடாதீங்க. தப்பெல்லாம் என்னோடது. ஜனவரியில இந்தப் படகு இல்லேன்னா நான் இப்ப உங்க முன்னாடி நின்னிருக்க மாட்டேன்."

அந்த அம்மாள் ஈரக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் என்னத்தை எழுதப்போறேன்? ஊர் ஊராப் பறவை பாத்துக் குறிச்சு வைப்பேன், அவ்வளவுதான். பல் டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. பேரு ரன்வெய்க். தங்கச்சி வீட்டுக்குப் போறவ அக்கரையில படகு மாறி ஏறிட்டேன். பன்னெண்டு மணிக்கே திரும்பிடலாம்னு பாத்தேன். நீங்க வாஃபிள் சுட்டுக்கிட்டிருந்தீங்க, பாதியில எழுந்து போனா நல்லா இருக்காதுன்னு உட்காந்துட்டேன். அப்புறம் பாட்டு. அப்புறம் அருவி." கொஞ்சம் யோசித்தார். "பல வருஷத்துல இப்படி ஒரு நாள் எனக்கு அமைஞ்சதில்லை. அடுத்த கோடைக்குத் தங்கச்சியையும் கூட்டிட்டு வரேன்."

குன்வோருக்குச் சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் முடியவில்லை. அப்படியானால் ஆபீசர் வரவே இல்லை. வராமலேயே முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் குளிர்காலத்தில் யாருக்கு வலி வரப்போகிறதோ.

சொட்டச் சொட்ட பதினாறு பெண்களும் வரிசையாகப் படகில் ஏறினார்கள். உள்ளே ஜன்னலோரம் சாம்பல் ஸ்வெட்டர்க்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

படகில் கயிறு அவிழ்க்கிற ஐவின் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஆபீசர் வரவே இல்லை ஐவின். படகு போச்சு."

"வரலையா? காலையில முதல் படகுல இருந்து அந்த ஜன்னலோரம்தான் உட்காந்து ஏறுற தலையை எண்ணிட்டிருக்காரு. தினம் நாலு பேர் ஏறுற படகுல இன்னிக்கு அம்பதைத் தாண்டிடுச்சாம், அதுவும் உங்க ஆடுங்களைச் சேர்க்காமலே."