கையோடு வந்த கைப்பிடி

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எனக்கு வைத்த கெடு திங்கட்கிழமை காலை. அதற்குள் என் சைக்கிளின் கைப்பிடி ரப்பர் இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தபால் பை பக்கத்து லயத்து வீரய்யாவுக்குப் போய்விடும்.

பன்னிரண்டு வருஷமாகத் தோட்டத்துக் கடிதங்களை வட்டவளைத் தபால் கந்தோருக்குச் சுமக்கிறவன் நான். வியாழக்கிழமை நல்ல மழை. இறக்கத்தில் போகும்போது வலது கைப்பிடி கழன்று என் கையோடு வந்தது. சைக்கிள் தன் வழியில் போனது. நான் தேயிலைக்குள் போனேன். துரை எழுதிய கடிதங்கள் மழைத்தண்ணீர் ஓடிய கானுக்குள் போயின. கண்டாக்கையா கடிதங்களைக் காயப்போட்டார். என்னைக் காய்ச்சி எடுத்தார்.

சனிக்கிழமைக்குள் நான் பார்க்காத வைத்தியமில்லை. முதலில் தேங்காய் எண்ணெய். ரப்பர் வழுக்கிக்கொண்டு ஏறியது. அதைவிட வேகமாக இறங்கியது. அடுத்தது சோற்றுப் பசை. வெயிலில் காய்ந்தால் ஒட்டியிருக்கும். வட்டவளையில் வெயிலுக்கு எங்கே போவது? கடைசியில் கம்பி சுற்றினேன். பிடி நின்றது. என் உள்ளங்கைதான் கிழிந்தது. கம்பியை அவிழ்த்தேன்.

என் மனைவி சிசிலி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிளுக்கு எண்ணெய் வச்சாச்சு. இனி தலை சீவிப் பொட்டு வச்சிவிடுங்க."

"வாய மூடு. பை போனா நான் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போகணும், தெரியுமா?"

"நான் சரிபண்ணித் தர்றேன். கண்டாக்கையா தொங்கிப் பாத்தாலும் வராது."

"நீயா?"

"நான்தான். நாளைக்குத் தம்பி மகளுக்கு ஞானஸ்நானம். நீங்க என்கூட வரணும். அவ்வளவுதான்."

தம்பி என்றால் பத்திநாதன். வட்டகொடையில் இருக்கிறான். அவன் வீட்டு வாசலை மிதித்து ஒன்பது வருஷமாகிறது. ஒரு டிசம்பர் நத்தார் விருந்தில் கோழிக்கால் இரண்டையும் விருந்துக்கு வந்த பஸ் டிரைவருக்குப் போட்டுவிட்டு எனக்குக் கழுத்தைப் போட்டான். அக்காள் புருஷனுக்குக் கழுத்து! மறக்கிற ஆளா நான்? அன்றைக்குக் குழம்பு என்ன நிறமாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

"அவன் வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

"சரிங்க. அப்ப மம்பட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைக்கிறேன். அதுவாவது கழராம இருக்கட்டும்."

எழுந்தேன். உட்கார்ந்தேன். அடுப்புக்கும் வாசலுக்குமாகப் பத்துத் தடவை நடந்தேன். லயத்து அறையில் அதற்குமேல் நடக்க இடமில்லை.

"வர்றேன். ஆனா அவன்கூடப் பேச மாட்டேன்."

"பேச வேணாங்க. சாப்பிட வாயத் தொறந்தாப் போதும். இப்ப பீலிக்குப் போயி ஆற அமரக் குளிச்சிட்டு வாங்க."

குளித்துவிட்டு வந்தபோது கைப்பிடிகளைச் சுற்றிச் சாக்குக் கட்டியிருந்தது. எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவெல்லாம் விளக்குக் கொளுத்தும் ஸ்பிரிட் வாடை.

"தொடாதீங்க! திங்கக்கிழமை வரைக்கும் காயணும்."

"யாருகிட்டடி படிச்ச?"

"ஏன், ஆம்பளைக்குத்தான் எல்லாம் தெரியணுமா?"

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வட்டகொடைக்குப் போனோம். பத்திநாதன் வாசலுக்கே ஓடிவந்தான். நான் கூரையைப் பார்த்தேன். சோறு போட்டான். தட்டைப் பார்த்தேன். அவன் குனிந்து என் காதுக்குள் கேட்டான்.

"மச்சான், ரப்பரு காஞ்சிருச்சா?"

தட்டை விட்டு முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தேன்.

"நேத்து காலையிலேயே அக்கா என்னய வரச் சொல்லிருச்சு. ஒங்க பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா காம்பிராவுலதான் ஒளிஞ்சிருந்தேன். நீங்க எப்ப குளிக்கப் போவீங்கன்னு பாத்துப் பாத்து நாலு கோப்பை தேத்தண்ணி குடிச்சேன் மச்சான். வேலை என்ன வேலை? ஸ்பிரிட்ட ஊத்துனா ரப்பரு சறுக்கிக்கிட்டு ஏறும். பொறகு ஸ்பிரிட்டு பறந்துரும், ரப்பரு கவ்விக்கும். நீங்க தேச்ச எண்ணெயத் தொடைக்கத்தான் நேரம் போச்சு."

நேற்றுக் காலையில் நான் இன்னும் சோற்றுப் பசை கிண்டிக்கொண்டிருந்தேன். சிசிலியைத் தேடினேன். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.

திங்கட்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லா ஆட்களுக்கும் முன்னால் கண்டாக்கையா வலது பிடியை இழுத்தார். இடது பிடியைத் திருகினார். டயரில் காலை ஊன்றி இரண்டையும் சேர்த்து இழுத்தார். அவர் தொப்பிதான் விழுந்தது.

"பரவாயில்லையே இக்னேசியஸ்! யாரு செஞ்சது?"

"நான்தாங்..." என்று ஆரம்பித்தேன்.

கொழுந்துக்காரிகள் வரிசையிலிருந்து சிசிலியின் குரல் வந்தது.

"எங்க தம்பிங்கையா! ஒங்க மோட்டார் சைக்கிள் பிடியும் சுத்துதுல்ல, அதையும் பாக்கச் சொல்லியிருக்கேன். தம்பி பத்து மணி ரயில்ல வருது!"

பெரட்டுக்களமே சிரித்தது. வீரய்யா உட்கார்ந்து சிரித்தான்.

"அப்ப சரி. தபால எடுத்துக்கிட்டு வரும்போது அவனையும் ஏத்திக்கிட்டு வா" என்றார் கண்டாக்கையா.

பை என்னிடமே தங்கியது. ரயிலடியிலிருந்து தோட்டம் வரை மூன்று மைல் ஏற்றம். பையைக் கழுத்தில் மாட்டி, பத்திநாதனைப் பின்னால் உட்காரவைத்து, மூச்சு வாங்க மிதித்தேன். பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தைரியமா இழுத்துப் பிடிச்சு மிதிங்க மச்சான், கழராது."