கோழிக்கும் கபரக்கொய்யாவுக்கும் நல்லிணக்கம்

மனித குலம் இதுவரை கண்ட சமாதான முயற்சிகளில் மகத்தானது எது என்று எவராவது கேட்டால், தயங்காமல் கொக்குமுனையைக் காட்டலாம். செங்கலடியில் ஓட்டோ பிடித்தால் மட்டக்களப்பு வாவிக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடும் சிற்றூர் அது. அங்கேதான் கோழிக்கும் கபரக்கொய்யாவுக்கும் இடையில் நிரந்தர நல்லிணக்கம் ஏற்படுத்தப்பட்டது. பெரிய பெரிய நாடுகளால் ஆகாத காரியம் சுலோஜனாவின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நடந்து முடிந்தது. அதற்காக அவள் மட்டும் இன்றுவரை யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சிலருடைய மனம் அப்படித்தான், வளர்வதே இல்லை.

சுலோஜனாவின் வளவு வாவித் தண்ணீரில் போய் முடிகிறது. கணவன் சதீஸ் வாவியில் வலை போடுகிறவன். கிழிந்து கழித்த வலைகளைக் கம்புகளில் இழுத்துக் கட்டி, தண்ணீர்ப் பக்கம் முழுக்க வேலி அடைத்திருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் கோழிகள். அந்தப் பக்கம், கரையோரக் கண்ணாமரப் பற்றைக்குள், கபரக்கொய்யா என்கிற நீருடும்பு. முதலைக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லத்தக்க உடம்பு, பிளந்த நாக்கு, கோழிமுட்டையில் தீராத காதல். இடைக்கிடை வந்து வலையில் மூக்கை வைத்துப் பார்க்கும். வலை பழசானாலும் சதீசின் முடிச்சு முடிச்சுத்தான். நாக்கை ஒருதரம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். கல்வியறிவற்ற அந்த இரு தரப்பும் பல காலமாக இப்படிக் காட்டுமிராண்டித்தனமாக உயிரோடு இருந்தன.

கோழிகளுக்கு நடுவில் ஒரு செஞ்சேவல். மற்றச் சேவல்களைப் போல அதை எண்ணக் கூடாது. மகள் தனுஷியா டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, டொக்டர்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசத் தொடங்கிய நாளில், சுலோஜனா சித்தாண்டி முருகனுக்கு ஒரு சேவல் நேர்ந்தாள். பிள்ளை தப்பி எழும்பினாள். அன்று குஞ்சாக இருந்ததுதான் இந்தச் செஞ்சேவல். அதை விற்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. திருவிழாவுக்கு உயிரோடு கொண்டுபோய்க் கோயிலில் விட வேண்டும். அதற்கு ஒன்று நடந்தால் பிள்ளைக்கு நடந்துவிடும் என்று சுலோஜனா பயந்தாள். அந்தப் பயத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை, சேவலை மட்டும் நாளுக்குப் பலதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் செய்த ஒரே பிழை, வேலியைத் தாண்டிப் பறந்த பேடு ஒன்றைக் கபரக்கொய்யா கொண்டுபோனதை வாய்விட்டுச் சொன்னதுதான். அதுவும் அழகரத்தினம் சேரிடம்.

அழகரத்தினம் அரச உத்தியோகத்தில் உயர்ந்த கதிரையில் இருந்து இளைப்பாறியவர். இளைப்பாறிய பிறகு தலைமை தாங்க ஒன்றுமில்லாமல் இளைத்துப் போயிருந்தார். பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இணைப்பாளராக இருந்த யசோதினிக்கும் அதே போன்ற கவலைதான். நல்லிணக்கத்துக்கு வேண்டிய நிதி, பெனர், தொப்பி எல்லாம் வந்து குவிந்திருந்தன. ஊரில் சண்டைதான் கிடைக்கவில்லை. இருவரும் சுலோஜனாவின் பேட்டுக்குச் செய்த அஞ்சலியில் அப்படி ஓர் உருக்கம் இருந்தது. அடுத்த கிழமையே 'கொக்குமுனை சர்வஜீவ நல்லிணக்க மன்றம்' பிறந்தது. தலைவர் அழகரத்தினம். சமாதானத் தூதுவர், அவருடைய பொமேரியன் நாய் சீசர்.

முதலாவது செயலமர்வு சுலோஜனாவின் வளவிலேயே நடந்தது. கோழிக்கூட்டைவிடப் பெரிய பெனர் கட்டினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். யசோதினி பெரிய தாள் ஒன்றை மாமரத்தில் ஒட்டி, கையில் பேனையோடு நின்றாள்.

"அக்கா, கோழிகளின்ட கோரிக்கை என்ன?"

"கோழிக்கு என்ன மிஸ் கோரிக்கை? உயிரோட இரிக்கணும்."

"அது நிலைப்பாடு. நான் கேக்கிறது தேவையை."

சுலோஜனா யோசித்துப் பார்த்தாள். உயிரோடு இருப்பதைத் தவிரக் கோழிக்கு வேறு தேவை எதுவும் அவளுக்குத் தட்டுப்படவில்லை. "கொஞ்சம் குருணல்" என்றாள். யசோதினி அதை அழகாக எழுதிக் கோடிட்டாள்.

"சரி, இப்ப கபரக்கொய்யாவின்ட பக்கத்தையும் கேக்கணும். ஒரு பக்கம் மட்டும் கேட்டா அது நீதியில்ல."

"கேளுங்க மிஸ். அந்தா, பற்றைக்குள்ளதான் கிடக்கு" என்றான் சதீஸ்.

எவரும் எழும்பவில்லை. எனவே அதன் சார்பில் அழகரத்தினம் பேசினார். கபரக்கொய்யா என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஜீவன் என்றார். அதன் பசியை நாம் 'வேறுபட்ட உணவுப் பண்பாடு' என்று பார்க்கப் பழக வேண்டும் என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"சிவபெருமான்ட குடும்பத்தைப் பாருங்க! அப்பாவுக்கு எருது, அம்மாவுக்குச் சிங்கம். மூத்தவருக்கு எலி, அப்பாட கழுத்தில பாம்பு. இளையவருக்கு மயில். ஒண்டை ஒண்டு தின்னுற சாதி எல்லாம் ஒரே வீட்டில! அங்க வேலி இரிக்கா? சொல்லுங்க, வேலி இரிக்கா?"

கைதட்டல் வானைப் பிளந்தது. கைதட்டல் ஓய்ந்தபோது எல்லாருடைய கண்ணும் சதீசின் வலைவேலியில் போய் நின்றது.

வேலிதான் பிரச்சினையின் ஆணிவேர் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. தட்டத்தில் பூவும் கத்தரிக்கோலும் வந்தன. சுலோஜனா முன்னால் வந்து நின்றாள்.

"சேர், அந்தச் சாவல் முருகனுக்கு நேந்தது. வேலி இல்லாட்டி மறுகா என்ன செய்யிற?"

"தங்கச்சி, சந்தேகம்தான் வேலியைப் பெறுது. முதல்ல மனசில இரிக்கிற வேலியை வெட்டுங்க."

வீட்டுத்திட்டத்தில் அவளுக்கு வீடு கிடைக்க ஒருகாலத்தில் வாய் திறந்து பேசியவர் அழகரத்தினம். அந்த முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மனசில் இருந்த வேலி எப்படிப் போனதோ, வளவில் இருந்த வேலி அன்றே போயிற்று. வலையின் முதல் முடிச்சைத் தலைவர் வெட்டினார், மிச்சத்தைத் தொப்பி போட்டவர்கள் வெட்டினார்கள். சதீஸ் துண்டுகளைப் பொறுக்கிச் சுருட்டி வள்ளத்துக்குள் வைத்தான்.

நிகழ்ச்சி பகலுணவுடன் இனிது நிறைவுற்றது. எல்லாருக்கும் கோழிக்கறிச் சோற்றுப் பார்சல். மரக்கறி கேட்டவர்களுக்கு முட்டை. கோழிகள் மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. எச்சில் பார்சல்களை எங்கே போடுவது என்று யாரும் திட்டமிடாதபடியால், கண்ணாப் பற்றைப் பக்கம் வீசிவிட்டுக் கை கழுவினார்கள். பற்றைக்குள் ஒரு நாக்கு நீண்டு, மணம் பிடித்து, உள்ளே போயிற்று.

அதன்பிறகு கொக்குமுனையில் செயலமர்வுகள் செழித்தன. பெண் கோழிகளுக்குத் தலைமைத்துவம். குஞ்சுகளுக்குச் சகிப்புத்தன்மை. ஒவ்வொன்றுக்கும் பார்சல், ஒவ்வொரு பார்சலுக்கும் எலும்பு. அதுவரை மெலிந்து கிடந்த கபரக்கொய்யா தேர்வடம் போலத் திரண்டது. பிறகு தன் உறவினரையும் அழைத்துக்கொண்டு வந்தது. பார்சல் இல்லாத நாட்களில், வேலி இல்லாத வளவுக்குள் இறங்கி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போயிற்று.

சமாதானத் தூதுவர் சீசரும் தவறாமல் வந்தார். மஞ்சள் பட்டி கட்டி, தலைவரின் கதிரைக்கு அடியில் படுத்திருந்து நிலைமையைக் கூர்ந்து அவதானித்தார். கபரக்கொய்யா அடைக்கோழியைக் கூட்டோடு குலைத்த நாளில் அவர் கண்ணை மூடி அவதானித்தார். ஒருநாள் மட்டும் தைரியம் வந்து கோழிகளைப் பார்த்துக் குரைத்தார். செஞ்சேவல் பறந்து வந்து அவருடைய மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது. மன்றம் அவசரமாகக் கூடி, தூதுவர் மீதான தாக்குதலை வன்மையாகக் கண்டித்தது. நல்லிணக்க வேலைத்திட்டம் நடந்த காலம் முழுவதிலும் கண்டிக்கப்பட்ட ஒரே பிராணி அந்தச் சேவல்தான்.

சுலோஜனாவின் பூனை மதிலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்து, யாரோடும் சேராமல் மீன்தலை தின்றது. பிற்காலத்தில் அது உயர்பதவிக்கு வரக்கூடும்.

"மிஸ், கறுத்தப் பேட்டையும் காணயில்ல. அடைக்கு வச்ச முட்டையும் காணயில்ல" என்றாள் சுலோஜனா ஒருநாள்.

யசோதினி அவளுடைய தோளில் கைவைத்தாள். "அக்கா, 'காணயில்ல' எண்டு சொல்லாதீங்க. அந்தச் சொல் இஞ்ச எல்லாரையும் நோகப்பண்ணும். 'தற்போது சமுகமளிக்காத கோழி' எண்டு சொல்லுவம்."

"சமுகமளிக்காததுட செட்டை பற்றைக்குள்ள கிடக்கு மிஸ்."

"அதை வச்சு அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது அக்கா. ரெண்டு தரப்பும் நிதானமா இரிக்கணும்."

இரண்டு தரப்பில் ஒன்று அப்போது வெயிலில் வயிறு நிறையப் படுத்து, மிக நிதானமாகத்தான் இருந்தது. மற்றத் தரப்பு நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் செஞ்சேவல் மட்டும் மிஞ்சியது. சுலோஜனா அதைக் குசினிக்குள் கொண்டுபோய், சதீஸ் மீன் கவிழ்க்கும் கரப்பால் மூடி, மேலே அம்மிக்குழவியையும் வைத்தாள். மூடியபின் பக்கத்திலேயே இருந்து அழுதாள். பயத்தைவிட அந்த அழுகையில் ஆத்திரம்தான் கூட.

திருவிழாவுக்கு இன்னும் நாள் கிடந்தபோது, வேலைத்திட்டத்தின் வெற்றியைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து விருந்தினர்கள் கமெராவோடு வந்தார்கள். கோழியும் கபரக்கொய்யாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. கபரக்கொய்யாவுக்குக் குறைவில்லை. கோழி எங்கே என்று தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் இருந்து சேவல் கூவித் தொலைத்தது.

"ஆ, தங்கச்சி! அதைக் கொஞ்சம் கொண்டாங்க."

"ஏலாது சேர்." சுலோஜனா அந்த முகத்துக்கு முதன்முறையாக மறுத்தாள். "இது முருகன்ட."

"முருகன்ட எண்டா முருகன் பாத்துக்கொள்ளுவார். அஞ்சு நிமிசம். ஒரு படம். ஊருக்கே பெருமை."

அவள் வாசலை மறித்து நின்றாள். தொப்பி போட்ட ஒருவன் பின்கதவால் போனான். கொஞ்ச நேரத்தில் சேவல் தலைவருடைய கையில் இருந்தது. அவர் அதை வாவிக்கரையில் இறக்கி, பக்கத்தில் சீசரையும் நிறுத்தி, தலைமுடியைக் கோதிக்கொண்டு கமெராவைப் பார்த்துச் சிரித்தார்.

பற்றை அசைந்தது. முதலில் பெரியது வந்தது. பின்னால் குடும்பம் வந்தது. சீசர் ஒரே பாய்ச்சலில் கொழும்பிலிருந்து வந்த சீமாட்டி ஒருத்தியின் மடியில் தஞ்சம் புகுந்தார். சேவல் செட்டையடித்து எழும்ப, பெரியது அதன் வாலில் ஒரு கடி கடித்தது. இரண்டு இறகோடு போயிற்று. சேவல் பெனரின் மேல் ஏறி நின்று கத்தியது. கபரக்கொய்யாக்கள் அதற்குமேல் சேவலில் அக்கறை காட்டவில்லை. பகல் ஆகிவிட்டது, விருந்தினருக்குப் போட்ட பந்தலுக்குள் பார்சல் வந்துவிட்டது என்பது அவற்றுக்குத் தெரியும். மன்றம் கொடுத்த பழக்கம். பிரதிநிதிகளின் கால்களுக்கு நடுவால் வரிசையாக உள்ளே வந்தன.

மன்றம் முழுவதும் கதிரைகளின் மேல் ஏறியது. தலைவர் மேசைமேலேயே ஏறிவிட்டார்.

"டேய் சதீஸ்! வலையை எடுடா! குறுக்கால கட்டுடா, கெதியா!"

சதீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "வலை வேலி எல்லோ சேர்? வேலிதான் ஆணிவேர் எண்டு வெட்டிப்போட்டீங்களே."

பார்சல்கள் முடிந்தபிறகுதான் விருந்தினர்கள் கீழே இறங்க முடிந்தது. சுலோஜனா அதற்குள் சேவலைப் பிடித்துச் சேலைத் தலைப்பால் சுற்றி, படலையைத் திறந்துவிட்டாள். யசோதினி கமெராக்காரரோடு பின்னால் ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு வார்த்தை! இப்ப உங்கட வளவில கோழி, கபரக்கொய்யாப் பிரச்சினை ஏதும் இரிக்கா?"

"இல்ல மிஸ். கோழியே இல்ல, மறுகா என்ன பிரச்சினை?"

கொழும்பில் காட்டிய படத்தில் சுலோஜனா "இல்ல மிஸ்" என்பதோடு முடிகிறது. மன்றத்துக்கு விருதும் கேடயமும் கிடைத்தன.

அவளோ செங்கலடியில் பஸ் ஏறிச் சித்தாண்டியில் இறங்கினாள். நேர்த்திச் சேவல்களைப் பொறுப்பெடுக்கிறவர் இவளை வியப்போடு பார்த்தார்.

"என்ன புள்ள, கொடியேற நாள் கிடக்கே?"

"அதுவரைக்கும் வச்சிருக்க என்ட வீட்டில இடமில்ல ஐயா. வாலில ரெண்டு இறகு போயிட்டு. முருகன் ஏற்பாரா?"

"இறகு முளைக்கும். உயிர் கிடக்கில்ல, அது போதும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் தனுஷியாவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். அவர் சேவலை வாங்கிக் கோயில் வீதியில் இருந்த கூட்டுக்குள் விட்டார். நாலு பக்கமும் நெருக்கமான கம்பிவலை. கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டு, அதை இழுத்தும் பார்த்தார்.

"கம்பி எதுக்கு ஐயா?"

"இதென்ன கேள்வி புள்ள? நாய் இரிக்கு, கீரி இரிக்கு, கபரக்கொய்யா இரிக்கு. அடைச்சு வைக்காட்டி விடியிறதுக்குள்ள ஒண்டும் மிஞ்சாது."

சுலோஜனா பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். மயிலையும் பாம்பையும் ஒரே வீட்டில் வைத்து ஆளுகிற முருகனே சேவலுக்கு வேலி அடைத்துத்தான் வைத்திருக்கிறார். அவருக்கு இன்னும் யாரும் செயலமர்வு வைக்கவில்லைப் போலும். அழகரத்தினம் சேர் ஒருதரம் வந்து போயிருந்தால், முருகனுடைய கொடியில் இன்றைக்குச் சேவலா நிற்கும்? கபரக்கொய்யா அல்லவா படுத்திருக்கும்.