சுத்தியல்காரரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி மாப்பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும், மூச்சிழுப்பு வராத நாட்களில் உங்கள் அத்தையும், சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை சச்சரவு இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தாலும் அதில் நான் தலையிடப் போவதில்லை. அவள் யார் மகள் என்று எனக்குத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் புது வீட்டைச் சோதித்துப் பார்க்க நீங்கள் ஏற்பாடு செய்த அந்த மனிதரைத் தயவுசெய்து திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள். நான் மறுக்கவில்லை. "கட்டுறதும் காண்ட்ராக்டர், கட்டினது சரியான்னு பார்க்கிறதும் அவரோட ஆளுன்னா எப்படி மாமா? பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துற மாதிரி இல்ல இருக்கு?" என்று போனில் கேட்டீர்கள். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் அவன் விழாமல் என்ன செய்வான்? விழுந்தேன். நமக்கும் சொந்தமில்லாத, காண்ட்ராக்டருக்கும் வேண்டாத ஓர் ஆள் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை என்றீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன் மாப்பிள்ளை.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். கல்யாணம் எவ்வளவோ தேவலை. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் வந்து தட்டிப் பார்க்கவில்லை. உங்களையே நாங்கள் தட்டிப் பார்க்காமல்தான் எடுத்துக்கொண்டோம். இதுவரை ஒரு விரிசலும் இல்லை.

அந்த மனிதரோ எதையும் தட்டாமல் நம்ப மாட்டார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் டார்ச், ஒரு கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம், இன்னொரு கையில் சின்னதாக ஒரு சுத்தியல். சுவரை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார், சுவர் ஏதோ ரகசியம் சொல்வதைப் போல. வேலை முடியும்வரை டீகூடக் குடிக்க மாட்டார். உங்கள் அத்தைதான் அவருக்குச் சுத்தியல்காரர் என்று பேர் வைத்தாள். முதல் நாளிலிருந்தே அவள் அவர் கட்சி. அவர் பின்னாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

அவளுக்கு என்ன அக்கறை என்று உங்களுக்கும் தெரியும். நாங்கள் குடியிருந்த வாடகை வீடு எதுவாக இருந்தாலும் அதில் ஒரு சுவர் ஈரமாகத்தான் இருந்தது. கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அவள் தலைமாடு அந்தச் சுவரில்தான் போய் முட்டும். மழை பிடித்தால் சுவர் வியர்க்கும், இவளுக்கு இழுக்கும். "பெரிய வீடெல்லாம் வேண்டாங்க. ஈரமில்லாத நாலு சுவரு, ஒழுகாத ஒரு கூரை. அது போதும்" என்றாள். அதற்காகத்தான் இந்த வீடு.

முதலில் அஸ்திவாரம். குழியில் என்ன குறை கண்டுவிட முடியும் என்று நானும் காண்ட்ராக்டரும் தைரியமாக நின்றோம். சுத்தியல்காரர் குழிக்குள் இறங்கி ஒரு கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார். ஒரு மூலையில் கம்பி வெண்ணெய்க்குள் போவதைப் போல உள்ளே போய்விட்டது. "இந்த மூலை இன்னும் ஆழமா போகணும், இங்க மண்ணு சரியில்ல" என்றார். காண்ட்ராக்டர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும்தான். சிரிக்காதீர்கள். சொந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே ஃபெயில் என்று கேட்ட மாதிரி இருந்தது. நம் வீட்டை யாரோ குறை சொல்கிறார், நாம் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று எனக்குள் ஒரு ரோஷம். அந்த ரோஷம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

சுவர் எழும்பி அடுத்த சோதனை வந்தபோது நான் முடிவு செய்துவிட்டேன். மாப்பிள்ளை, என் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ இன்ஸ்பெக்‌ஷனை நடத்திக் காட்டியவன் நான். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முன்பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகளை முதல் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், மக்குகளுக்கு அன்று லீவு. அதேபடி கூரையே இல்லாத வீட்டுக்கு முன்பக்கம் வெள்ளையடிக்கச் சொன்னேன். பின்னறையில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்திருந்த ஒரு தூணை நகர்த்த முடியாதென்பதால், அதன் முன்னால் சிமெண்ட் மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்க வைத்தேன். இருக்கிறதிலேயே நேராக இருந்த சுவரைப் பார்த்தாற்போல ஒரு நாற்காலி போட்டேன். பெரிய கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவர்ப் பூச்சுக்குச் சிமெண்டும் மணலும் என்ன கணக்கு என்று கேட்டால் "ஒண்ணுக்கு நாலு" என்று சொல்லும்படி காலையிலிருந்து ஒப்பிக்க வைத்தேன். காண்ட்ராக்டர் கண் கலங்கிவிட்டார். "ஹெச்.எம். சார், என் தொழில்ல இப்படி ஒரு வீட்டுக்காரரைப் பார்த்ததே இல்ல" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

சுத்தியல்காரர் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், நன்றி சொன்னார், அதைத் தூக்கிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போய் அதன்மேல் ஏறி மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு கொத்தனாரிடம் திரும்பி, "சாப்பிட்டீங்களா?" என்றார். அந்த மனுஷர் விறைப்பாக நின்று, "ஒண்ணுக்கு நாலு சார்!" என்றார். உங்கள் அத்தை சிரித்த சிரிப்பில் அவளுக்கு இழுப்பே வந்துவிட்டது. தூணைக் கொத்தி, மறுபடி அடைத்து, மறுபடி தட்டி, அவர் தலையசைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. கலவை இயந்திரம் வாசலில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் சட்டியோடு வரிசையாக நிற்கிறார்கள், சுத்தியல்காரர் மேலே நின்று கையைக் காட்டி நிறுத்துகிறார். கம்பிகள் பலகையோடு ஒட்டிக் கிடக்கின்றனவாம், அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டிகளை வைத்துத் தூக்காவிட்டால் நாளைக்குத் துருப்பிடித்துக் கூரை பெயருமாம். காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்ற நான், எல்லாருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது உங்கள் அத்தை ஏணியில் பாதி தூரம் ஏறி நின்று, "மெஷினை ஆஃப் பண்ணுங்கப்பா. சும்மா ஓடிக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஃப் பண்ணிவிட்டார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை அடக்கி ஆண்ட எனக்கு அந்தக் குரல் ஒரு நாளும் வாய்த்ததில்லை.

இனி எழுதப் போவதை என் மகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். மாடிக் குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி வைத்து, கீழே கசிகிறதா என்று மறுநாள் பார்க்க வேண்டுமாம். கீழே இருப்பது எங்கள் படுக்கையறை. சுத்தியல்காரர் வருவதற்கு முன்னால் நான் போய் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்த கூரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். ஐயோ, கடைசி கட்டத்தில் இப்படியா! என் சட்டைப் பையில் இன்றைக்கும் இரண்டு சாக்பீஸ் இருக்கும், பழக்கதோஷம். ஸ்டூல் மேல் ஏறி அந்த ஈரத்தின் மேல் சாக்பீஸைத் தடவினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் தடவினேன். கீழே இறங்கிப் பார்த்தால் கரும்பலகையில் எழுதியதைவிடப் பளிச்சென்று இருந்தது.

அவர் வந்தார். அதே ஸ்டூலில் ஏறினார். விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு என் சட்டைக் கையைப் பார்த்தார். "சார், நீங்க வாத்தியாரா?" என்று கேட்டார்.

"ரிட்டயர்டு ஹெச்.எம்." என்றேன்.

"தெரியுது" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

சொன்னது உங்கள் அத்தை. டார்ச்சை அணைத்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள். "இத்தனை வருஷமா ஈரச் சுவரு பக்கத்துலதானே படுத்தேன். இங்கயும் ஈரம்னா சொல்லிட்டுப் போங்களேன், பழகினதுதான். அதை எதுக்குங்க எனக்குத் தெரியாம மறைக்கிறீங்க?" நான் காண்ட்ராக்டருக்காக மறைத்தேன், வீட்டுக்காக மறைத்தேன். யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று மட்டும் யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை.

காண்ட்ராக்டர் தளத்தை உடைத்து, குழாய் இணைப்பை மாற்றி, புதுசாகப் பூச்சு போட்டு, இன்று காலை மறுபடி தண்ணீர் கட்டியிருக்கிறார். கட்டிவிட்டு என்னிடம் வந்து, "நாளைக்கு வந்து பார்த்துட்டுப் போகட்டும் சார். அதோட சரி. அதுக்கப்புறமும் அந்த ஆளு சுத்தியலோட வந்தா, நான் கரண்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் போனால் அரைகுறை வீட்டோடு நான் எங்கே போவேன்? அதுவும் போகட்டும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சாக்பீஸுக்குப் பிறகு சுத்தியல்காரர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே, அவரை மரியாதையாக நிறுத்திவிட்டு, கடைசி சோதனைக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள். கொஞ்சம் கண் பார்வை மங்கலானவராக இருந்தால் நல்லது. நிறுத்தச் சொன்னது நான் என்று உங்கள் அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

நீங்கள் இருவரும் கை நிறைய வேலையும் மனசு நிறைய நிம்மதியுமாக நீடூழி வாழ வேண்டும். என் மகளுக்கு என் ஆசிகள். அவளிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாமல் தவிக்கும்
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப்போன நேரத்தில் காண்ட்ராக்டர் வாசலில் வந்து நின்றார். கரண்டியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்துவிட்டார் என்று பதறிவிட்டேன். அவரோ அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஹெச்.எம். சார், நானும் சொந்தமா ஒரு வீடு கட்டுறேன். எனக்கு இங்க வேலை ஓயல, அதனால என் மச்சான்தான் கட்டுறாரு. சுவரைப் பார்த்தா எனக்கு மனசே சரியில்ல. சொந்தக்கார ஆளு, நான் எப்படிச் சொல்றது? அந்தச் சுத்தியல்காரரைக் கொஞ்சம் வந்து தட்டிப் பார்க்கச் சொல்றீங்களா? நான் அனுப்பினேன்னு மட்டும் மச்சானுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானே அவரிடம் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே அவரைத் திரும்ப அழைக்க வேண்டாம். கடைசிவரை அவரே வரட்டும், நாளைக்கு நானே ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன்.

இதைப் புது வீட்டில், சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே குளியலறையில் தண்ணீர் நிற்கிறது. அதற்கு நேர் கீழே பாயை விரித்து உங்கள் அத்தை படுத்திருக்கிறாள். ஒரு சொட்டு விழுந்தாலும் எழுப்பச் சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போனாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் மூச்சு சீராகக் கேட்கிறது. வேறு சத்தம் எதுவும் இல்லை. இதுவரை எழுப்ப வேண்டிய வேலை வரவில்லை.