மானிட்டர் துடைத்த கதை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். உங்கள் அத்தையும் சுகம். இன்று காலையிலிருந்துதான் என்னோடு மறுபடி பேசுகிறாள். அங்கு தாங்களும் என் மகளும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லாமல் தங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. என் மகள் காதில் விழுந்தால் நான் தொலைந்தேன்.

விஷயம் இதுதான். பேத்தியைப் பெரிதாகப் பார்க்கட்டும் என்று தாங்கள் வாங்கி அனுப்பிய மானிட்டரின் நடுவில் ஒரு கறை. போன ஞாயிறு பேசும்போது அது சரியாகக் குழந்தையின் மூக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. இந்த ஞாயிறு அவள் நடந்து காட்டப் போகிறாள் என்று மகள் சொல்லியிருந்தாளா, அதற்குள் துடைத்து வைப்போம் என்று இறங்கினேன். காலமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவனுக்குக் கண்ணாடி துடைக்க யார் சொல்லித்தர வேண்டும்? மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிட்டே போய் 'ஹா' என்று ஊதி, சட்டை நுனியைக் கட்டைவிரலில் சுற்றி அழுத்தித் தேய்த்தேன். மாப்பிள்ளை, தேய்ச்ச இடத்துல கலர் கலரா வட்டம் கிளம்புது! அழுக்குதான் இடம் மாறி ஓடுதுன்னு நினைச்சு நானும் விடாம துரத்துறேன். அது கண்ணாடியே இல்ல, அழுத்தவே கூடாதுன்னு எனக்கு எங்கே தெரியும்? அதுக்குள்ள உங்க அத்தை வந்து, "தள்ளுங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு, ஜன்னல் கண்ணாடி துடைக்க அடிக்கிற நீல மருந்தை நேரா அது முகத்துல புஸ்ஸு புஸ்ஸுனு அடிச்சா. அது வழிஞ்சு கீழ் ஓரத்துக்குப் போச்சு. அவ்வளவுதான், திரை கருத்துப் போச்சு.

"நீங்க தேய்ச்ச தேய்ப்புல போச்சு"ங்கிறா. "நீ குளிப்பாட்டினதுல போச்சு"ங்கிறேன். அப்புறம் சண்டையும் நின்னு போச்சு, பேச்சும் நின்னு போச்சு. சமையலறையில போய் உட்கார்ந்துக்கிட்டு, "புள்ள நடக்கிறதை இனி எதுல பார்ப்பேன்"னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டா. போன்ல பார்க்கலாம்தான். ஆனா அதுல இவளுக்குக் குழந்தை எது, தலையணை எதுன்னு தெரியாது.

இன்னைக்குக் காலையில கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பொண்ணை வரவழைச்சேன். வந்தா, குனிஞ்சா, "பிளக்கே சொருகலையே சார்"ன்னா. "நான்தான் பிடுங்கினேன், இவருக்கு ஷாக் அடிச்சுடுமோன்னு"ங்கிறா உங்க அத்தை! இத்தனை நாளா வாயைத் திறந்தாளா? கேட்டா, "அதுக்கு முன்னாடியே செத்திருக்கும்னு நினைச்சேன்"ங்கிறா. அந்தப் பொண்ணு, ஈரம் உள்ளே இறங்கலைன்னு நல்லா பார்த்துட்டு சொருகினா. பொழைச்சுக்கிச்சு! "நீங்க ரெண்டு பேரும் செஞ்சதுலயே அம்மா பிளக்கைப் பிடுங்கினது ஒண்ணுதான் உருப்படி. அணைச்சு, சூடு ஆறினப்புறம்தான் தொடணும். திரை மேல எதையும் தெளிக்காதீங்க. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி இருந்தா பட்டும் படாம துடைங்க. போகலைன்னா சுத்தமான தண்ணியைத் துணியில மட்டும் லேசா தொட்டுக்குங்க"ன்னா.

மூக்குக்கண்ணாடித் துணி! கடையை மூடினப்போ மிஞ்சினது பீரோவுல ஒரு பெட்டி நிறைய கிடக்கு. வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு கொடுத்து, "சட்டையில துடைச்சீங்கன்னா கீறல் விழும்"னு திட்டி அனுப்பினவன் சாட்சாத் நான்தான்.

இப்போது மானிட்டர் பளிச்சென்று இருக்கிறது. இனி யாரும் அதன் மேல் விரல் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டு, நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் கவலைப்பட வேண்டாம், மகளிடம் மூச்சு விடவும் வேண்டாம். மூவரும் நோய்நொடியின்றிச் சிரித்த முகமாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. நீங்க டியூட்டிக்குப் போயிட்டீங்க, பார்த்திருக்க மாட்டீங்க. குழந்தை ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு எங்களைப் பார்த்தே நடந்து வந்தா மாப்பிள்ளை. திடீர்னு ஒரு தள்ளாட்டம். நான் நாற்காலியை உதைச்சுத் தள்ளிட்டு ஓடிப்போய் அவளைப் பிடிச்சேன். "அப்பா, அது மானிட்டருப்பா!"ன்னு உங்க வீட்டுக்காரி கத்துறா. பத்து விரலும் அப்படியே அதுல பதிஞ்சிருக்கு. உங்க அத்தை பீரோவிலிருந்து துணி எடுத்துட்டு வந்தா. வேண்டாம், துடைக்காதேன்னு சொல்லிட்டேன்.